ஒற்றை மாத்திரையின் கணக்கு

காலை ஷிப்டுக்கு ஆள் போகிற நேரம். ஆவடியில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு நடக்கிற கூட்டத்தில் நூறு பேரை நிறுத்திப் பரிசோதித்தால், ஏறத்தாழ முப்பது பேர் உடம்பில் காசநோய்க் கிருமி நுழைந்த தடம் தெரியும். அந்த ரயிலில் யாரும் போய் எண்ணவில்லை. 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த காசநோய்க் கணக்கெடுப்பு சொன்ன சராசரி இது: பதினைந்து வயதைத் தாண்டியவர்களில் சுமார் 31 விழுக்காடு. அந்தக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கியது நம் சேத்துப்பட்டிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

முப்பது பேரும் இருமிக்கொண்டிருக்கவில்லை. இளைக்கவில்லை. அவர்களிடமிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. மூச்சுக்காற்றில் எப்போதோ உள்ளே போன கிருமியை உடம்பு மடக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இப்படித் தொற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது அது நோயாக மாறும். மற்றவர்கள் தங்களுக்குள் ஒரு கிருமி குடியிருந்தது தெரியாமலே பேரன் பேத்தி எடுத்துவிடுவார்கள்.

ஆனால் அந்த முப்பது பேரில் ஒருவருக்கு எச்ஐவியும் இருந்து, அதற்கு மருந்தும் எடுக்காவிட்டால், வாழ்நாள் முழுவதற்கும் சொன்ன அந்த ஆபத்து ஓரிரு ஆண்டுகளுக்குள் சுருங்கி வந்து நிற்கும். சேத்துப்பட்டு நிறுவனம், காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பழைய பெயரில் இயங்கிய காலத்தில், எச்ஐவி உள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டது. நூறு பேரை ஓராண்டு பார்த்தால் ஏழு பேருக்குக் காசநோய். துல்லியமாகச் சொன்னால் 6.9. எச்ஐவி உள்ளவர்களின் சாவுக்கு இந்தியாவில் முதல் காரணம் அந்த வைரஸ் திறந்துவிட்ட கதவு வழியே வந்த காசநோய்தான் என்பது அன்றே டாக்டர்களுக்குத் தெரியும்.

கதவு எப்படித் திறக்கிறது என்பதைப் பார்க்க நுரையீரலின் மூலைக்குப் போகவேண்டும். கிருமியை முதலில் விழுங்குவது மேக்ரோபேஜ் என்னும் பெரிய தின்னி அணு. விழுங்கத் தெரியும், செரிக்கத்தான் தெரியாது; காசநோய்க் கிருமியின் மெழுகுத் தோல் அப்படி. செரிக்க முடியாததைச் சுற்றி இன்னும் பல அணுக்கள் வந்து நெருக்கியடித்து, கடுகளவுக்கும் சிறிய ஒரு கட்டியாகச் சுவர் எழுப்புகின்றன. சுவர் எழுப்பும் அணுக்கள் சித்தாள்கள் மாதிரி. அவர்களை ஏவி, அதட்டி, இங்கே இன்னும் ஒரு வரிசை வை என்று சொல்கிற மேஸ்திரி, சிடி4 என்ற வெள்ளணு. எச்ஐவி அழிப்பது குறிப்பாக அந்த மேஸ்திரியைத்தான். சித்தாள்கள் இருப்பார்கள், செங்கல்லும் இருக்கும், ஆனால் சொல்ல ஆளில்லை. சுவர் மெல்ல உதிரும்.

கிருமி இப்படிச் சுவருக்குள் மடங்கிக் கிடக்கும் நிலைக்கு “உறங்கும் தொற்று” என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. உறங்குவது போலத் தெரிவது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத்தான். உள்ளே சில கிருமிகள் அடங்கிக் கிடக்கும், சில மெதுவாகப் பெருகும், சில கொல்லப்படும். இரண்டு பக்கமும் களைக்காமல் நடக்கிற இழுபறி அது. எச்ஐவி வந்ததும் ஒரு பக்கத்துப் பிடி தளர்கிறது.

சரி, சுவர் உதிர்வதற்கு முன்பே உள்ளே இருக்கும் கிருமியைக் கொன்றுவிட்டால்? இந்த யோசனையிலிருந்து பிறந்ததுதான் தடுப்புச் சிகிச்சை. ஐசோனியசிட், 300 மில்லிகிராம், தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதம். கூடவே ஒரு பி6 வைட்டமின். முதன்முதலில் இதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சற்றுத் திகைப்பாக இருந்தது. காசநோய் பற்றி ஊரெல்லாம் ஒட்டியிருக்கும் சுவரொட்டி எதைச் சொல்கிறது? ஒரே மருந்தை மட்டும் தின்னாதே, கூட்டு மருந்தை முழுதாகத் தின்று முடி, பாதியில் விடாதே. அப்படியிருக்க, அதே கிருமிக்கு ஒற்றை மருந்தை அரசே கையில் கொடுக்கிறது. எந்த மாத்திரையைத் தனியாகத் தரக்கூடாது என்று விதி வைத்தார்களோ, அதே மாத்திரை.

விடை வெறும் பெருக்கல் கணக்கில் இருக்கிறது. நோய் முற்றி நுரையீரலில் குழி விழுந்தவரின் குழிக்குள் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கலாம். கிருமி பெருகும்போது எழுத்துப்பிழை போல மரபணுவில் பிழை விழும். ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு கிருமிக்கு, ஐசோனியசிட் தன்னை ஒன்றும் செய்யமுடியாதபடியான பிழை தற்செயலாக அமைந்துவிடும். பத்துக் கோடியில் அப்படி நூறு இருக்கும், மாத்திரையின் வாசனையே படாத முதல் நாளிலேயே. ஐசோனியசிட்டை மட்டும் கொடுத்தால் மற்றதெல்லாம் செத்து, அந்த நூறும் காலியான வீட்டில் பல்கிப் பெருகும். நோயாளி இரண்டு மாதம் நன்றாகத் தேறி, மூன்றாம் மாதம் மறுபடி இருமுவார். இம்முறை அந்த மருந்து கேட்காது. கூட்டு மருந்தில் இன்னொன்றான ரிஃபாம்பிசினுக்கு மசியாத பிழையோ இன்னும் அபூர்வம், பத்துக் கோடியில் ஒன்று. இரண்டுக்கும் ஒருசேர மசியாத கிருமி வேண்டுமென்றால் இரண்டையும் பெருக்கவேண்டும். கோடியைக் கோடியால் பெருக்கி வருகிற எண்ணில் ஒன்று. எந்த நுரையீரலிலும் அத்தனை கிருமிக்கு இடமில்லை. கூட்டு மருந்தின் சூட்சுமம் இதுதான்.

இப்போது நோய் வராத, தொற்று மட்டும் உள்ளவரைப் பாருங்கள். அவருக்குள் இருப்பவை நூறுகளிலோ ஆயிரங்களிலோதான். பத்து லட்சத்தில் ஒன்று என்ற சீட்டு விழ அங்கே ஆளே போதாது. ஒரு மருந்தே தாராளம். ஒரே மாத்திரை ஓரிடத்தில் பெருந்தவறாகவும் இன்னோரிடத்தில் சரியான மருந்தாகவும் இருப்பதற்கு, உள்ளே இருக்கும் எண்ணிக்கை மட்டுமே காரணம்.

அதனால்தான் எச்ஐவிக்கு மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் ஒவ்வொரு தடவையும் நான்கு கேள்விகளைச் சலிக்காமல் கேட்கிறார்கள். இருமல் இருக்கிறதா? காய்ச்சல்? எடை குறைகிறதா? ராத்திரியில் வியர்த்துக் கொட்டுகிறதா? நான்குக்கும் இல்லை என்றால் கிருமி சொற்பம் என்று நம்பலாம். தடுப்பு மாத்திரை தரலாம். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே. குழியோடு வந்தவருக்குத் தடுப்பு மாத்திரை போய்விடக்கூடாது. கேட்பதற்குச் சம்பிரதாயம் போலத் தோன்றும் இந்த நான்கு கேள்வியும் அந்தப் பெருக்கல் கணக்கின் காவல்.

ஐசோனியசிட்டின் பிறப்பே ஒரு விநோதம். 1912இல் பிராக் நகரப் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மேயர், யோசப் மாலி என்ற இருவர் வேதியியல் ஆய்வு வேலையாக அதைத் தயாரித்து, உருகுநிலையைக் குறித்துவைத்துவிட்டு, வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். கிருமியைக் கொல்லும் என்று அவர்களுக்குத் தோன்றக் காரணமும் இல்லை. நாற்பதாண்டு அலமாரியில் கிடந்தது. 1952இல் ஹாஃப்மன் லா ரோஷ், ஸ்குவிப், பேயர் என மூன்று கம்பெனிகள், ஒன்றுக்கொன்று தெரியாமல், ஏறத்தாழ ஒரே நேரத்தில் அதன் மகிமையைக் கண்டுபிடித்தன. பொருளோ 1912லேயே அச்சேறிவிட்டது, காப்புரிமைக்கு வழியில்லை. மாத்திரை மலிவாக இருந்ததற்கு யாருடைய கருணையும் காரணமல்ல, பிராக்கில் இருவர் எழுதி மறந்த ஒரு கட்டுரைதான்.

அந்த மலிவு மாத்திரையை உலகிலேயே மிக நுணுக்கமாக ஆராய்ந்த இடங்களில் ஒன்று சென்னை. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையத்தைத் திறந்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதை வழிநடத்தினார். நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்கினாற்போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சானடோரியத்தில் மாத்திரை, மறுபாதிக்கு வீட்டிலேயே அதே மாத்திரை. நல்ல காற்று, பால், முட்டை, படுக்கை ஓய்வு எல்லாம் கிடைத்தவர்களும், நெரிசலான குடிசையில் அரைவயிறோடு மாத்திரை தின்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் உடன் வசித்த குடும்பத்தாருக்கும் அதனால் தொற்று கூடவில்லை. 1959இல் இது வெளியானதும் உலகமெங்கும் சானடோரியங்களுக்குக் கெடு விழுந்தது.

அடுத்து அதே மையம் ஐசோனியசிட்டைத் தனியாகக் கொடுத்தும், துணை மருந்தோடு கொடுத்தும் ஒப்பிட்டது. தனி மாத்திரை பின்தங்கியது. மேலே சொன்ன கணக்கு நடைமுறையில் மெய்யானது. அப்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிலருக்குக் கைகால் மரத்துப்போய் எரிந்தது. ஐசோனியசிட்டை உடம்பு கல்லீரலில் உருமாற்றி வெளியேற்றுகிறது. சிலர் விரைவாக, சிலர் மெதுவாக. தென்னிந்தியர்களில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர் மெதுவாக வெளியேற்றுகிறவர்கள். அவர்களுக்குள் மருந்து நெடுநேரம் தங்கி, பி6 வைட்டமினைக் கரைத்து, நரம்பைப் பதம் பார்க்கிறது. பி6 சேர்த்துக் கொடுத்தால் தீர்ந்தது. இன்று தடுப்பு மாத்திரையோடு ஒட்டிக்கொண்டு வரும் அந்தக் குட்டி மாத்திரைக்குப் பின்னால், அறுபதாண்டுக்கு முன் கால் எரிச்சலென்று வந்து முறையிட்ட பெயர் தெரியாத சென்னைவாசிகள் இருக்கிறார்கள்.

தடுப்பூசி இருக்கும்போது மாத்திரை எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கும் சென்னையின் இந்த மேற்குப் பக்கமே பதில் சொல்லியிருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அன்று செங்கல்பட்டு மாவட்டம். 1968இல் அந்த மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டார ஊர்களில், பிசிஜி தடுப்பூசியின் மாபெரும் ஆய்வு தொடங்கியது. மூன்றரை லட்சம் பேருக்கு மேல் பெயர் பதிந்து, ஒரு பகுதியினருக்குத் தடுப்பூசி, இன்னொரு பகுதியினருக்கு மருந்தில்லாத ஊசி. ஏழரை ஆண்டு கழித்து முடிவைத் திறந்தபோது உலக சுகாதார நிறுவனமே அதிர்ந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுத் தொடர்கணக்கும் அதையே சொன்னது. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய்க்கு அது இன்றும் நல்ல கவசம்தான். ஆனால் பெரியவர்களைப் பொறுத்தவரை ஊசியை நம்பி உட்கார முடியாது என்பது நிச்சயமாயிற்று.

பிறகு 1986 வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். ரத்த மாதிரிகளைப் பரிசோதிக்க நிர்மலா வேலூருக்கு ரயிலேறிப் போனார். பத்தாண்டுக்குள், சௌரி முத்து என்ற மருத்துவர் 1928இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியத்தின் வார்டுகள் எச்ஐவி நோயாளிகளால் நிரம்பின. மேஸ்திரி இழந்த நுரையீரல்களைத் தேடிக் காசநோய் அங்கேதான் வந்தது. அரசின் இலவச ஏஆர்டி மருந்து 2004 ஏப்ரலில் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று.

மருந்து கிடைக்காத அந்த இடைக்காலத்தில், 2001இலிருந்து, சௌம்யா சுவாமிநாதனும் சேத்துப்பட்டுக் குழுவினரும் ஒரு சோதனையை ஆரம்பித்தார்கள். எச்ஐவி உள்ள, ஆனால் காசநோய் இல்லாத 683 பேர். ஒரு பிரிவுக்கு ஐசோனியசிட்டும் எத்தாம்பியூட்டால் என்ற இன்னொரு காசநோய் மருந்தும் ஆறு மாதம். இன்னொரு பிரிவுக்கு ஐசோனியசிட் மட்டும் மூன்று ஆண்டு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாத்திரை வாங்க வரவேண்டும். தின்கிறார்களா என்று வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள். எச்ஐவி என்ற சொல்லைத் தெருவில் முணுமுணுத்தாலே வீட்டைக் காலி செய்யச் சொல்கிற காலத்தில், ஒரு வீட்டுக்கு அடிக்கடி ஆஸ்பத்திரி ஆள் வந்துபோவது எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள்.

2012இல் முடிவு அச்சாயிற்று. ஆறு மாதப் பிரிவில் ஆண்டுக்கு நூறு பேரில் 2.4 பேருக்குக் காசநோய். மூன்று ஆண்டுப் பிரிவில் 1.6. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லத்தக்கதல்ல. ஆனால் பழைய 6.9ஐ நினைவில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே பெரிய இறக்கம். மருந்துக்கு மசியாத கிருமி பெருகிவிடும் என்ற அச்சமும் பொய்த்தது. எதிர்பார்த்த அளவுக்கு மேல் அது போகவில்லை.

ஆறு மாதமா, மூன்று ஆண்டா என்ற கேள்வி அற்பமாகத் தோன்றலாம். எனக்கு இந்த முழு விஷயத்திலும் சுவையான இடமே இதுதான். உள்ளே இருக்கும் கிருமியைக் கொல்வதுதான் நோக்கமென்றால், கொன்ற பிறகு மாத்திரை எதற்கு? பெருகும் கிருமியின் மெழுகுத் தோல் கட்டப்படுவதைத் தடுப்பது ஐசோனியசிட்டின் வேலை. ஆறு மாதத்தில் அநேகமாக முடிந்துவிடும். ஆனால் போட்ஸ்வானாவில் நடந்து 2011இல் முடிவு வெளியான பெரிய சோதனையில், மூன்று ஆண்டு தின்றவர்களுக்குப் பயன் தெளிவாக அதிகம். ஆறு மாதத்தோடு நிறுத்தியவர்களுக்கு, நிறுத்திய சில மாதங்களிலேயே காப்பு கரைந்துபோயிற்று. ஏன்? வெளியிலிருந்து மறுபடி புதிய கிருமி நுழைகிறது.

இதைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டியதும் சென்னைதான். குணமான பிறகு மறுபடி காசநோய் வந்தவர்களின் பழைய கிருமியையும் புதிய கிருமியையும் எடுத்து, சேத்துப்பட்டில் சுஜாதா நாராயணன் குழுவினர் டிஎன்ஏ கைரேகை பார்த்தார்கள். உலகமெங்கும் பயன்படுத்திய கைரேகை முறை நம் ஊர்க் கிருமியிடம் பாதி பலிக்கவில்லை என்பது ஒரு துணைக்கதை. அந்த முறை ஒரு குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணுவது. தென்னிந்தியக் கிருமிகளில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டில் அது ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கும். பத்து விரலுக்குப் பதில் ஒரு விரல் ரேகையை வைத்து ஆள் பிடிக்கிற கதை. வேறு முறைகளையும் சேர்த்துப் பார்த்து 2010இல் முடிவைச் சொன்னார்கள். எச்ஐவி இல்லாதவருக்கு நோய் திரும்பினால், நூற்றுக்கு 91 தடவை அது பழைய கிருமியே விழித்தது. எச்ஐவி உள்ளவருக்குத் திரும்பினால், நூற்றுக்கு 88 தடவை அது வேறு கிருமி, வெளியிலிருந்து புதிதாக வந்தது.

அந்த எண்ணை அம்பத்தூரில் வைத்துப் பாருங்கள். ஜன்னல் சாத்திய ஷேர் ஆட்டோ, ஒரே அறையில் ஆறு பேர் முறைவைத்துத் தூங்கும் எஸ்டேட் ஓரத்து வாடகை வீடு, மழைக்குத் தகரக் கதவடைத்த பட்டறை. ஒருவர் இருமினால் அந்தத் துகள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். ஸ்டாக்ஹோமில் ஒருவர் ஆறு மாதம் தடுப்பு மாத்திரை தின்றால் அநேகமாக ஆயுளுக்கும் போதும். அவருக்குப் புதிதாக யாரும் தரப்போவதில்லை. நம் ஊரில் மாத்திரை வீட்டைக் கழுவிவிடும், வாசலைப் பூட்டாது. வாசலைப் பூட்டுவது ஏஆர்டி. தவறாமல் எடுத்தால் சிடி4 ஏறி, காசநோய் வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். மேஸ்திரி வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஆர்டியும் தடுப்பு மாத்திரையும் சேரும்போது இரண்டின் பலனும் கூடும் என்பதைத் தென்னாப்பிரிக்காவிலும் ஐவரி கோஸ்டிலும் நடந்த சோதனைகள் காட்டின.

இத்தனை தெரிந்தும், நாடு தழுவிய அளவில் ஏஆர்டி மையங்களில் ஐசோனியசிட் கொடுக்கத் தொடங்கியது 2016–17 வாக்கில்தான். மருந்து எதிர்ப்பு வந்துவிடுமோ என்ற பயம் ஒரு காரணம். பயத்துக்கு எதிரான சான்று நம் கையிலேயே, நம் சேத்துப்பட்டிலேயே இருந்தபோது இந்தத் தாமதம் எனக்கு அதிகமாகத்தான் படுகிறது. நோயாளிகள் தரப்பிலும் ஒரு தயக்கம் உண்டு, அதில் நியாயமும் உண்டு: “உடம்பு நல்லாத்தானே இருக்கு, இன்னொரு மாத்திரை எதுக்கு?” ஏற்கெனவே ஒரு டப்பாவை மாமியார் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பவரிடம் ஆறு மாதத்துக்கு இன்னொரு டப்பாவைக் கொடுக்கிறோம்.

அந்த விதத்தில் ரிஃபாபென்டின் என்ற மருந்து வரவேற்கத்தக்கது. ரிஃபாம்பிசினின் தம்பி, ஆனால் ரத்தத்தில் நெடுநேரம் நிற்கும். ஐசோனியசிட் பெருகும் கிருமியைத்தான் நன்றாகப் பிடிக்கும். அடங்கிக் கிடந்து அவ்வப்போது சற்றே அசைகிற கிருமியை ரிஃபாபென்டின் அந்த அசைவிலேயே அமுக்கும். இரண்டையும் சேர்த்து வாரம் ஒருமுறை, பன்னிரண்டு வாரம் போதும். 180 நாள் 12 நாளாகிவிட்டது. 2021இல் வந்த தேசிய வழிகாட்டுதலில் இந்த முறைக்கும் இடம் கிடைத்தது. இன்னும் சுருக்கி, இரண்டையும் தினமும் ஒரே மாதம் கொடுத்தால் என்ன என்று பத்து நாடுகளில் எச்ஐவி உள்ள மூவாயிரம் பேரிடம் சோதித்தார்கள். ஒன்பது மாத ஐசோனியசிட்டுக்கு அது சளைத்ததல்ல என்று 2019இல் தெரிந்தது.

ஒரு சிக்கல்: இந்தக் குடும்பத்து மருந்துகள் கல்லீரலை உசுப்பி, சில எச்ஐவி மருந்துகளைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். எனவே எந்த ஏஆர்டி எடுக்கிறார் என்று பார்க்காமல் தரமாட்டார்கள். குடிப்பழக்கமும் மஞ்சள் காமாலையும் உண்டா என்றும் கேட்பார்கள். இன்னொன்றையும் முதல் நாளே சொல்லி அனுப்பவேண்டும். ரிஃபாபென்டின் தின்ற அன்று சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், சிலருக்குக் கண்ணீரும் வியர்வையும்கூட. வெள்ளைச் சட்டைக் காலரில் கறை தெரியும். மருந்தின் நிறம் அது, ரத்தமல்ல.